ஹிட்டாச்சி ஓட்டுவதும் டிரெய்லரில் ஏற்றி இறக்குவதும்: கடலூர் ஆபரேட்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் சிப்காட் முதல் பரங்கிப்பேட்டை வரை, மேற்கே பண்ருட்டி, விருத்தாசலம் வரை எந்தச் சாலையில் போனாலும் ஏதாவது ஓர் இடத்தில் ஹிட்டாச்சி, அதாவது செயினில் ஓடும் மண் தோண்டும் எந்திரம், தோண்டிக்கொண்டிருக்கும். ஓட்ட ஆள் தேவையும் இருக்கிறது. ஹெல்பராகச் சேர்ந்து, கிரீஸ் அடித்து, ஆபரேட்டர் அண்ணன் சாப்பிடப் போகும் நேரத்தில் சீட்டில் ஏறி லீவர் பிடித்துப் பழகியவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. அவர்களுக்குத் தோண்டும் வேலை சீக்கிரம் கைவந்துவிடும். டிரெய்லரில் ஏற்றி இறக்குவதுதான் அரைகுறையாக நிற்கும். தோண்டுவது நாள் முழுக்க நடக்கிறது. ஏற்றுவது சைட் மாறும்போது மட்டும், அதுவும் பெரும்பாலும் இருட்டில், அவசரத்தில்.

இங்கே இரண்டையும் சொல்கிறேன். ஏற்றுவதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எந்தப் படியில் இருந்தாலும் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நொடியில் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

எந்திரத்தின் எடையும் அளவும்

ஜேசிபி என்று நாம் சொல்லும் பேக்ஹோ லோடர் ஏழரை முதல் எட்டு டன் வரை வரும். டயர் வண்டி என்பதால் பக்கத்து ஊருக்குத் தானே ஓடிப்போய்விடும். சாலையில் எடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். பின்பக்கக் கை அசையாமல் பிடிக்கும் பூம் லாக், அது பக்கவாட்டில் சுழலாமல் தடுக்கும் ஸ்லூ பின் இரண்டும் போட்டிருக்க வேண்டும். முன் பக்கெட் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிற்க வேண்டும். இரண்டு பிரேக் பெடல்களும் ஒன்றாகக் கொக்கி போட்டுச் சேர்ந்திருக்க வேண்டும். வயலில் திரும்புவதற்காகப் பெடலைப் பிரித்துவிட்டு, அதை மறந்து சாலையில் ஏறி பிரேக் அடித்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும்.

டயருக்குப் பதில் செயினில் ஓடும் வண்டி வேறு கதை. டாடா ஹிட்டாச்சி, கோமாட்சு, ஹூண்டாய் என்று எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இங்கே பரவலாக ஓடுவது 20 டன் ரகம். அகலம் 2.8 முதல் 3 மீட்டர், மடக்கிய நிலையில் உயரம் சுமார் 3 மீட்டர், நீளம் ஒன்பதரை மீட்டர். பின்னால் சமநிலைக்கான கவுண்டர் வெயிட், முன்னால் பூம் (எந்திரத்தோடு சேர்ந்த பெரிய கை), ஆர்ம் (அதன் நுனியில் மடங்கும் சின்னக் கை), பக்கெட். பூமை நீட்டினால் எடை முன்னே போகும், மடக்கினால் பின்னே வரும். மேல்பாகத்தைச் சுழற்றினால் எடையும் கூடவே சுழலும். கீழே செயின் அசையாமல் நிற்பதால் எல்லாம் அப்படியே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்

சாவியைக் கையில் எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து வாருங்கள். எஞ்சின் ஆயில், கூலன்ட், ஹைட்ராலிக் ஆயில் அளவு, டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், ஹோஸ்களில் கசிவு, பக்கெட் பற்களின் பின், செயினின் தொய்வு. ஹைட்ராலிக் ஆயில் அளவைக் கண்ணாடியில் பார்க்க ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பிட்ட நிலை உண்டு. அந்த நிலையில் பூமையும் பக்கெட்டையும் வைக்காமல் பார்த்தால் ஆயில் குறைவாகவோ அதிகமாகவோ காட்டும். குறைகிறது என்று நினைத்து ஊற்றி நிரப்பிவிடாதீர்கள்.

கடற்கரை ஓரம் வேலை என்றால் கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கத்து உப்புக் காற்றும் மணலும் பக்கெட் பின்னையும் புஷ்ஷையும் தின்றுவிடும். பழைய கிரீஸ் மணலோடு வெளியே பிதுங்கி வரும்வரை அடியுங்கள்.

ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிப்பில் இருக்கட்டும். கையில் டீ கிளாஸோடு ஏற வேண்டாம். சீட் பெல்ட் போடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும், நிறுத்தும் முன்னும் அப்படியே. டர்போ சூடாக இருக்கும்போது எஞ்சினைத் திடீரென்று நிறுத்தினால் அதன் பேரிங்குக்கு ஆயில் போவது நின்றுவிடும்.

தோண்டும்போது

பொதுவாக இடது லீவர் சுழற்சிக்கும் ஆர்முக்கும், வலது லீவர் பூமுக்கும் பக்கெட்டுக்கும். சில பழைய வண்டிகளில் இது மாறியிருக்கும். புது வண்டியில் ஏறினால் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒவ்வொரு லீவரையும் மெதுவாக அசைத்துப் பார்த்த பிறகுதான் வேலைக்குப் போக வேண்டும்.

ஆர்ம் ஏறத்தாழ செங்குத்தாக நிற்கும் இடத்தில்தான் இழுவிசை அதிகம். முழுசாக நீட்டி எட்டிப் பிடித்து இழுப்பது டீசலுக்கும் நஷ்டம், பின்னுக்கும் நஷ்டம். கல்லைத் தள்ளுவதற்குப் பக்கெட்டைப் பக்கவாட்டில் சுழற்றி அடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேல்பாகத்தைச் சுழற்றும் ஸ்விங் கியர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது செயின் பள்ளத்துக்கு நேர்க்குத்தாக, ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல் சக்கரம்) பின்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். மண் சரிந்தால் இரண்டு பெடலையும் பின்னால் இழுத்து நேராக வெளியே வந்துவிடலாம். விளிம்புக்கு இணையாக நின்றால் ஒரு பக்கச் செயின் மட்டும் இறங்கும், அப்புறம் கவிழ்வதுதான்.

நம்ம மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் மாறும். கேப்பர் மலைப் பக்கம் செம்மண்ணும் கூழாங்கல்லும். அது செங்குத்தாக வெட்டினாலும் கொஞ்ச நேரம் நிற்கும், அந்த நம்பிக்கையில்தான் ஆபத்து. கடலோரம் மணல் நிற்கவே நிற்காது, சில அடியிலேயே தண்ணீர் ஊறிவிடும். உப்பனாறு ஓரத்துக் களிமண் மேலே காய்ந்து பாளமாக இருக்கும், கீழே சேறு. எந்த மண்ணானாலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குள் ஆள் இறங்கினால் பக்கங்களில் பலகை முட்டு கொடுத்திருக்க வேண்டும், அல்லது சரிவாக வெட்டியிருக்க வேண்டும். எடுத்த மண்ணையும் விளிம்பிலேயே குவிக்காமல் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

மேலே மின்கம்பியைப் பாருங்கள். தெருவைக் குறுக்கே கடக்கும் வீட்டு இணைப்புக் கம்பிகளுக்கு விதிப்படி உயரம் 5.8 மீட்டர், 11 கேவி கம்பிக்கு 6.1 மீட்டர். நம்ம பூம் நிமிர்ந்தால் 9 மீட்டரைத் தாண்டும். 2011 'தானே' புயலில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்திய ஊர் இது; எல்லாக் கம்பியும் விதிப்படித்தான் தொங்குகிறது என்று நம்பி வேலை செய்ய முடியாது. 11 கேவி கம்பிக்குப் பக்கத்தில் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். அது முடியாவிட்டால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை.

டிரெய்லர் வருவதற்கு முன்

வண்டி வந்த பிறகு இடம் தேடக் கூடாது. கெட்டியான சமதளம் வேண்டும். முன்னும் பின்னும் சமமாக இருப்பது முக்கியம், இடமும் வலமும் சமமாக இருப்பது அதைவிட முக்கியம். டிரெய்லர் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட, ஏறும் எந்திரம் அந்தப் பக்கமே வழுக்கும். புதிதாக நிரப்பிய மண்ணும் மழையில் ஊறிய வயல் வரப்பும் வேண்டாம். சாலை ஓரம் என்றால் கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள்.

ரேம்பின், அதாவது எந்திரம் ஏறும் சாய்பலகையின், சாய்வு 15 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. லோபெட் எனப்படும் தாழ்தள டிரெய்லரின் தளம் 1 மீட்டர் உயரம் என்றால், அதற்கு ரேம்ப் ஏறத்தாழ 4 மீட்டர் நீளம் வேண்டும். இங்கே ஓடும் பல டிரெய்லர்களில் ரேம்ப் இதைவிடக் குட்டை. அப்போது ரேம்பின் அடியில் தடித்த கட்டைகளை அடுக்கி நீளத்தைக் கூட்டலாம். அல்லது பக்கெட்டாலேயே மண்மேடு போட்டு, செயினால் ஏறி இறங்கி இறுக்கி, அதன் மேல் ஏறலாம். செம்மண் கிராவல் என்றால் மேடு நிற்கும். கடற்கரை மணலில் மேடு போட்டு ஏறுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதி ஏறும்போது ஒரு பக்கம் கரைந்துவிடும்.

டிரெய்லரின் ஹேண்ட்பிரேக் போட்டு, எல்லாப் பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இழுக்கும் வண்டியைக் கழற்றக் கூடாது. தளத்தின் பின் ஓரத்துக்கு அடியில் முட்டுக் கட்டையோ சப்போர்ட் காலோ கொடுப்பதை மறக்கவே கூடாது. எந்திரம் பின் ஓரத்தில் கால் வைக்கும் அந்த நேரம் 20 டன்னும் அங்கேதான் இருக்கிறது. டிரெய்லரின் முன்பக்கம் மேலே தூக்கும், இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் லேசாகும், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயனில்லாமல் மொத்தமும் முன்னே நகரும். முட்டு இருந்தால் இந்தச் சங்கதியே நடக்காது.

பிறகு செயினைச் சுத்தம் செய்யுங்கள். சேறு ஒட்டிய செயின் இரும்பு ரேம்பில் ஏறினால் வழுக்கும். மழை நாளில் ரேம்ப் மேல் மரப்பலகையோ பழைய கன்வேயர் பெல்ட் துண்டோ விரித்துக் கட்டுங்கள். ரோடு ரோலருக்கு மழை இல்லாவிட்டாலும் இது கட்டாயம். வழவழ டிரம் இரும்பின் மேல் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு ரேம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி செயின்களின் நடு அகலத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று டேப் பிடித்து அளங்கள்.

ஏற்றுவது

சைகை காட்ட ஒரே ஆள். "ஏத்து ஏத்து" என்று ஒருவர், "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று இன்னொருவர் கத்தினால் ஆபரேட்டர் இரண்டையும் விட்டுவிட்டுத் தன் யூகத்தில் போவார். சைகை காட்டுபவர் ஆபரேட்டரின் கண்ணில் படும் இடத்தில், வண்டி கவிழ்ந்தாலும் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். டிரெய்லர் தளத்தின் மேல் யாரும் இருக்கக் கூடாது, டிரைவர் கேபினிலும்கூட.

ஸ்ப்ராக்கெட் பின்னால், பூம் முன்னால், டிரெய்லரைப் பார்த்தபடி எந்திரத்தை நேராக நிறுத்துங்கள். வேகத்தைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். ஆட்டோ ஐடில் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் ரேம்பின் நடுவே எஞ்சின் வேகம் தானாக மாறி எந்திரம் உதறும். ஆர்மை 90 முதல் 110 டிகிரி கோணத்தில் வைத்து, பக்கெட்டை மடக்கித் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மெதுவாக ஏறுங்கள். ரேம்பின் மேல் திருப்பவே கூடாது. ஒரு பக்கம் விலகுவது தெரிந்தால் நின்று, அப்படியே பின்னால் தரைக்கு இறங்கி, தரையில் நேராக்கிக்கொண்டு மறுபடியும் ஏறுங்கள். இதில் கௌரவம் பார்ப்பவர்கள்தான் செயினை ரேம்புக்கு வெளியே விடுகிறார்கள். ரேம்பில் இருக்கும்போது மேல்பாகத்தைச் சுழற்றவும் கூடாது.

ரேம்பும் தளமும் சேரும் முனைதான் மொத்த வேலையின் கஷ்டமான இடம். எந்திரத்தின் எடை மையம் அந்த முனையைத் தாண்டும்வரை அது வானத்தைப் பார்த்தபடி நிற்கும்; தாண்டிய நொடியில் சீசா மாதிரி முன்னால் சாயும். வேகமாகப் போனால் செயினின் முன்பக்கம் தளத்தில் தொம்மென்று விழும், தளம் குலுங்கும், எந்திரம் பக்கவாட்டில் நகரும். அதனால் முனைக்கு வரும் முன்பே பக்கெட்டைத் தளத்தின் மேல் லேசாகத் தொடும்படி வைத்துவிடுங்கள். முன்னால் சாயும் எடையைப் பக்கெட் தாங்கிக்கொள்ளும், எந்திரம் பூப்போல இறங்கி உட்காரும். செயின் முழுதும் தளத்தில் பதிந்த பிறகு பக்கெட்டைத் தூக்குங்கள்.

ரேம்பே இல்லாமல், பக்கெட்டைத் தளத்தில் ஊன்றி, எந்திரத்தையே தூக்கி ஏற்றும் வித்தையை இங்கே பல பேர் செய்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் 20 டன்னும் ஒரு சிலிண்டரையும் சில ஹோஸ்களையும் நம்பித் தொங்குகிறது. எந்தக் கம்பெனியின் கையேடும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. "அவசரம்ணே, ஒரு தடவைதானே" என்று முதலாளி சொன்னாலும், மண்மேடு போட ஆகும் அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எந்திரத்தை எங்கே நிறுத்துவது? ரொம்ப முன்னால் போனால் இழுக்கும் வண்டியின் அச்சில் பாரம் கூடும். ரொம்பப் பின்னால் நின்றால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. டிரெய்லர் டிரைவருக்குத் தன் வண்டி தெரியும். அவர் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் செயின் வெளியே நீட்டும் அளவு சமமாக இருக்கட்டும்.

பிறகு மேல்பாகத்தை மிக மெதுவாக 180 டிகிரி சுழற்றி, பூம் டிரெய்லரின் பின்பக்கம் பார்க்கும்படி கொண்டுவாருங்கள். பாதிச் சுற்றில் கவுண்டர் வெயிட் முழுதும் ஒரு பக்கமாகத் தொங்கும், டிரெய்லரும் அந்தப் பக்கம் சாயும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. பக்கெட்டையும் ஆர்மையும் முழுதாக மடக்கி, அடியில் மரக்கட்டை வைத்து பூமை இறக்குங்கள். எஞ்சினை நிறுத்தி, லீவர் லாக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். கண்ணாடிகளை மடக்கி, கேபின் கதவையும் எஞ்சின் மூடிகளையும் பூட்டுங்கள்.

கட்டுவது

எடை அதிகம், அதுவே நின்றுகொள்ளும் என்பது தப்புக் கணக்கு. திடீர் பிரேக்கில் முன்னோக்கித் தள்ளும் விசையைப் பாரத்தின் பத்தில் எட்டு பங்காக எடுத்துக்கொண்டுதான் கட்டுமானம் கணக்கிடப்படுகிறது. 20 டன் எந்திரத்துக்கு அது 16 டன். பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் பாதி எடை, அதாவது 10 டன். இரும்பின் மேல் இரும்பு இருக்கும்போது உராய்வை நம்ப முடியாது.

80 கிரேடு சங்கிலியில் 10 மில்லிமீட்டருக்குக் கட்டும் திறன் 6 டன்னுக்குச் சற்று மேல், 13 மில்லிமீட்டருக்குச் சுமார் 10 டன். சங்கிலி சாய்வாகப் போவதால் அதில் ஒரு பகுதிதான் நேராக இழுக்கும். ஆகவே 13 மில்லிமீட்டரில் நான்கு, ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று, இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும். ஐந்தாவதாக ஒன்று பக்கெட் அல்லது ஆர்ம் மேல். கொக்கியைக் கீழ் சேஸிஸில் அதற்கென்று உள்ள துளையில் மாட்டுங்கள். ஹோஸ், சிலிண்டர் ராடு மேல் சங்கிலி படவே கூடாது. சங்கிலியை இறுக்கும் பைண்டரை இறுக்கி, அதன் கைப்பிடி திறந்துகொள்ளாமல் கம்பியால் கட்டுங்கள். செயினின் முன்னும் பின்னும் கட்டை அறைந்து ஆணி அடியுங்கள். நைலான் கயிறெல்லாம் தார்ப்பாய்க்குத்தான்.

சாலையில்

சரக்கு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர். நம்ம எந்திரம் அதைத் தாண்டுகிறது, ஆகவே அளவு மீறிய சரக்குக்கான அனுமதி வேண்டும். முள்ளோடையைத் தாண்டிப் பாகூர், கன்னியக்கோயில் பக்கம் போனால் அது புதுச்சேரி. எந்திரத்தின் காகிதமும் டிரெய்லரின் காகிதமும் கையில் இருக்கட்டும். பகலில் நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு.

ஏற்றி முடித்ததும் மொத்த உயரத்தை அளந்து, டிரைவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். தளம் 1 மீட்டர், எந்திரம் 3 மீட்டர் என்றால் 4 மீட்டர். ரயில் மின்பாதை கேட்டில் உள்ள உயரத் தடுப்பு 4.67 மீட்டரில் இருக்கும். மடக்காத பூமோ தூக்கி நிற்கும் ஆர்மோ இந்த இடைவெளியைத் தின்றுவிடும். திருப்பாதிரிப்புலியூர் சுரங்கப்பாதைப் பக்கம் லோபெட்டைத் திருப்பவே வேண்டாம். தண்டவாளம் மேடாக இருக்கும் கேட்களில் இன்னொரு தொல்லை: லோபெட்டின் வயிறு தட்டி நடுப்பாதையில் சிக்கிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் முதலில் இறங்கி நடந்து பாருங்கள், கேட் கீப்பரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். கரும்பு வெட்டும் பருவத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டர்களோடு போட்டி போடுவதைவிடச் சுற்றிப் போவது சீக்கிரம்.

புறப்பட்டு முதல் சில கிலோமீட்டரில், இரண்டு மூன்று வேகத்தடை தாண்டியதும் ஓரமாக நிறுத்திச் சங்கிலிகளைப் பாருங்கள். முதல் குலுக்கலில்தான் அவை தளரும்.

இறக்குவது

இறக்கும்போதும் இடம், முட்டு, சக்கரக் கட்டை எல்லாம் அதேதான். எந்திரம் நகர்ந்து சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சங்கிலியைக் கழற்றுங்கள். இறுகியிருக்கும் பைண்டர் எகிறும். முகத்தை அதன் பாதையில் வைக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தைக் கேபினில் ஏறும் முன்பே மனதில் ஓட்டிப் பாருங்கள். ஏறும்போது ஸ்ப்ராக்கெட் உங்களுக்குப் பின்னால் இருந்தது. அதன் பிறகு மேல்பாகத்தை 180 டிகிரி சுழற்றிவிட்டீர்கள். இப்போது நீங்கள் ரேம்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள், ஸ்ப்ராக்கெட் உங்கள் முன்னால், பூமுக்குக் கீழே இருக்கிறது. அதனால் லீவர் எல்லாம் தலைகீழ். முன்னால் தள்ளினால் எந்திரம் பின்னால், அதாவது டிரெய்லர் டிரைவரின் கேபினை நோக்கிப் போகும். ரேம்பில் இறங்க லீவரை உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். இடது வலதும் மாறும். ஸ்டார்ட் செய்ததும் கையளவு மட்டும் நகர்த்தி, எந்தப் பக்கம் போகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின் ஓரத்துக்கு வந்ததும் நின்று, ஆர்மை அதே 90 முதல் 110 டிகிரியில் வைத்து, பக்கெட்டின் தட்டைப் பக்கத்தைத் தரையில் ஊன்றுங்கள். எந்திரம் முனையைத் தாண்டிக் குனியும்போது பக்கெட் தாங்கும். அதன் பிறகு மிக மெதுவாக நகர்ந்து, கூடவே பூமை விட்டுக்கொடுத்துக்கொண்டே ரேம்பில் இறங்குங்கள். பக்கெட்டை அழுத்தி ஊன்றி எந்திரத்தைத் தூக்கிவிட வேண்டாம். நடுவழியில் எஞ்சின் நின்றுபோனால் லீவரை நடுநிலைக்கு விடுங்கள். டிராவல் பிரேக் தானாகப் பிடிக்கும். பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யலாம்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது போன்ற நாட்களில், கரை உடைப்பை அடைக்க நடுராத்திரியில் எந்திரம் கேட்பார்கள். அந்த மாதிரி இரவில் இறக்கும்போது தண்ணீர் நிற்கும் சாலை ஓரத்தில் ரேம்பைப் போடாதீர்கள். ஓரத் தார் அடியில் மண் அரித்துப் போயிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கடப்பாரையால் குத்திப் பாருங்கள். சாலையின் நடுவில் டிரெய்லரை நிறுத்தி, இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லி இறக்குங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

இறங்கியதும் செயின் தொய்வு, கீழ் ரோலர்கள், சங்கிலி உரசிய ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஹவர் மீட்டர் எண்ணைக் குறித்து, டிரெய்லர் டிரைவரிடமும் சைட் சூப்பர்வைசரிடமும் சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.